பூனை சிரிக்கும் ஐப்பசி: கொங்கு நாட்டுக் கூதிர் காலத்தின் சின்ன வரலாறு

திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு இலையுதிர் காலம் சித்திரையிலேயே வந்துவிடும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள கடைகள் செப்டம்பர், அக்டோபரில் விற்கப்போகும் 'ஆட்டம் வின்டர்' சரக்கை இங்கே கோடையிலேயே தைத்து, பேக்கிங் முடித்து, கப்பலேற்றியாக வேண்டும். வெளியே வெயில் கொளுத்துகிறது. உள்ளே டைலரின் மடியில் தடித்த ஃபிளீஸ் துணி. அதன் மார்பில் சிவந்த மேப்பிள் இலை பிரிண்ட். அந்த இலை உதிர்வதை நம்ம ஊரில் யாரும் பார்த்ததில்லை. ஆனால் லட்சக்கணக்கில் அச்சடித்து அனுப்பியிருக்கிறோம்!

அப்படியானால் நமக்கு என்று ஓர் இலையுதிர் காலம் இல்லையா? அந்த மாதங்களில் நம் முன்னோர்கள் எதில் சந்தோஷப்பட்டார்கள்? யாரெல்லாம் சந்தோஷப்பட முடிந்தது? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான். நடுவில் ஒரு பூனையும் வரும். (பூனை பிடிக்காதவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.)

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். அவிநாசி வேறு, அவிநாசிபாளையம் வேறு. சுந்தரர் பாடிய பெரிய கோயில் இருப்பது அவிநாசி. அவிநாசிபாளையம் திருப்பூருக்குத் தெற்கே, தாராபுரம் ரோட்டில் இருக்கிறது. கோவையிலிருந்து பல்லடம், காங்கேயம் வழியாகக் கரூர் போகும் ரோடும் இங்கேதான் குறுக்கே போகிறது. பக்கத்தில் அலகுமலை. சுற்றிலும் மானாவாரிக் காடும் மேய்ச்சல் காடும், அவற்றுக்கு நடுவே பனியன் கம்பெனிகளும் ஸ்பின்னிங் மில்களும்.

ஒரே மாதம், இரண்டு வானம்

பள்ளிப் புத்தகத்தில் ஆறு பருவங்களை மனப்பாடம் செய்திருப்போம். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். இதில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். வடமொழிக் கணக்கில் அதே இரண்டு மாதங்களுக்குச் 'சரத் ருது' என்று பெயர். இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் ஒன்றில்லை.

வடநாட்டில் மழை செப்டம்பரோடு விலகிவிடும். அதனால் சரத் காலம் என்றால் அங்கே கழுவிவிட்ட நீல வானம், தெளிந்த ஆறு, பெரிய நிலா. நமக்கோ வடகிழக்குப் பருவமழை அக்டோபரில்தான் தொடங்குகிறது. ஆகவே கூதிர் என்றால் மூடிய வானம், நசநசவென்ற தூறல், வடக்கிலிருந்து வரும் வாடைக் காற்று. அவர்களுக்கு மழை முடிந்த சந்தோஷம். நமக்கு மழை வந்த சந்தோஷம். 'ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை' என்ற பழமொழியைக் காசியில் போய்ச் சொன்னால் யாருக்கும் புரியாது.

கொங்குப் பகுதிக்கு இது இன்னும் முக்கியம். மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே, மழை மறைவில் இருக்கிறோம். தென்மேற்குப் பருவமழை கேரளத்தைக் குளிப்பாட்டும்போது, பாலக்காட்டுக் கணவாய் வழியாக நமக்கு வருவது பெரும்பாலும் காற்று மட்டும்தான். ஆனி, ஆடியில் ஆளைத் தள்ளும் அந்தக் காற்றுக்காகத்தான் 1990களிலிருந்து பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கமெல்லாம் காற்றாலைகள் முளைத்தன. புரட்டாசி வாக்கில் மேல்காற்று ஓய்ந்து, காற்றாலை இறக்கைகள் சோம்பலாகச் சுற்ற ஆரம்பித்தால் பருவம் மாறுகிறது என்று அர்த்தம். மேப்பிள் இலைக்குப் பதிலாக நமக்குக் காற்றாலை!

மழை விழுந்ததும் மாறுவது கொறங்காடு. காங்கேயம் பக்கத்து மேய்ச்சல் நிலத்துக்கு இதுதான் பெயர். கொழுக்கட்டைப் புல்லும் இடையிடையே வெள்வேல மரமும் நிற்கும். சுற்றிலும் கிளுவை முள்ளை நட்டு உயிர்வேலி போட்டிருப்பார்கள். காங்கேயம் மாடுகள் வளர்ந்தது இந்தக் காடுகளில்தான். ஆடியில் பொட்டலாகக் கிடந்த காடு, ஐப்பசி மழை இரண்டு விழுந்தால் பச்சைப் பாய் விரித்துவிடும். வேலியோரம் செங்காந்தள் பூக்கும். கார்த்திகையில் பூப்பதால் அதற்குக் கார்த்திகைப் பூ என்றே பெயர். மருந்துக் கம்பெனிகளுக்கு விதை விற்பதற்காக மூலனூர், தாராபுரம் பக்கம் இதையே 'கண்வலி' என்று வயலில் பயிர் செய்கிறார்கள். தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுதான்.

அந்த வேலியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பூனை அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.

மழை நாளில் ஓர் ஊர்

கூதிர் காலத்து அன்றாட வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள நம்மிடம் இருக்கும் மிகப் பழைய ஆவணம் நெடுநல்வாடை. பத்துப்பாட்டில் ஒன்று, 188 அடிகள், நக்கீரர் பாடியது. தேர்வுக்குப் படிக்கும்போது 'பாசறையில் அரசன், அரண்மனையில் பிரிவால் வாடும் அரசி' என்று எழுதி ஐந்து மார்க் வாங்கிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஆனால் அரசனும் அரசியும் வருவதற்கு முன்னால் ஊர் வருகிறது. அதைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும்.

வெள்ளத்துக்குப் பயந்து ஆடுமாடுகளை மேட்டுக்கு ஓட்டிப்போன இடையர்கள் தீ மூட்டிக் கை காய்கிறார்கள். குளிரில் அவர்கள் தாடை நடுங்குகிறது. ஊருக்குள் யாரும் குறுகிய வாய்ப் பாத்திரத்தில் குளிர்ந்த தண்ணீர் குடிப்பதில்லை. அகன்ற வாயுள்ள கணப்புச் சட்டியில் நெருப்புப் போட்டுச் சுற்றி உட்காருகிறார்கள். கோடையில் தென்றலுக்காகத் திறந்து வைத்த மேல்மாடக் கதவுகளைத் தாழ் போட்டாயிற்று. அழகாகச் செய்த விசிறியைச் சுருக்கி முளையில் மாட்டிவிட்டார்கள், அதில் சிலந்தி வலை பின்னிவிட்டது. வீட்டுப் புறா இரை தேட இறங்காமல் கூரைக் கட்டையிலேயே கால் மாற்றி மாற்றி உட்கார்ந்திருக்கிறது. கள் குடித்த திடகாத்திரமான ஆட்கள் மட்டும் தூறலைப் பற்றிக் கவலைப்படாமல் தெருவில் திரிகிறார்கள். (சில விஷயங்கள் 2000 வருடமானாலும் மாறுவதில்லை.)

எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்னத் தகவல். வானம் மூடியிருப்பதால் பொழுது சாய்ந்ததா இல்லையா என்று தெரியவில்லை. பெண்கள் பிச்சி அரும்புகளைப் பறித்து வைத்திருக்கிறார்கள். அவை மலர்ந்து மணம் வந்ததும் 'சாயங்காலம் ஆகிவிட்டது' என்று தெரிந்துகொண்டு, இரும்பு விளக்கில் எண்ணெய்த் திரியைக் கொளுத்தி, நெல்லும் பூவும் தூவிக் கும்பிடுகிறார்கள். கடிகாரமாக ஒரு பூ! யாரோ ஒரு பாட்டி வீட்டில் உட்கார்ந்து கவனித்ததுபோல் இருக்கிறது.

பூனையின் சிரிப்பு

இப்போது பூனைக்கு வருவோம். சங்க நூல்களில் பூனைக்குப் பெயர் வெருகு. காட்டுப் பூனை என்றும் ஆண் பூனை என்றும் அகராதிகள் பொருள் சொல்கின்றன. தொல்காப்பிய மரபியல் வெருகின் குஞ்சைக் 'குட்டி' என்று சொல்லலாம் என்கிறது. கூடவே கீரி, எலி, அணில் ஆகியவற்றுக்கும் அதே பெயரைத் தருகிறது. எலியையும் அதைப் பிடிப்பதையும் ஒரே வரிசையில் உட்கார வைத்திருக்கிறார் தொல்காப்பியர் :) வெருகைப் 'பூசை' என்று சொல்வதையும் மரபியல் குறிப்பிடுகிறது. மலையாளத்தில் இன்றைக்கும் பூனைக்குப் 'பூச்ச' என்றுதான் பெயர்.

பூனையைக் கூர்ந்து பார்த்த சங்கப் புலவர் என்றால் நான் ஒக்கூர் மாசாத்தியாரைச் சொல்வேன். அவர் ஒரு பெண். குறுந்தொகை 139ஆம் பாட்டில், சாயங்காலம் வேலியோரம் வெருகுகள் வந்துவிட்டதைக் கண்டு வீட்டுக் கோழி பதறிப்போய்த் தன் குஞ்சுகளைக் கூப்பிடுகிறது. 220ஆம் பாட்டில் வேறு ஒரு காட்சி. பழைய மழையில் தழைத்த வரகுக் கொல்லை. மான் மேய்ந்துபோன தாள்கள். பக்கத்தில் முல்லை அரும்பு கட்டியிருக்கிறது. அந்த வெள்ளை அரும்புகள் எப்படி இருக்கின்றன? பூனை சிரித்ததுபோல் இருக்கின்றன என்கிறார்!

பூனை சிரிக்குமா? பூனை கொட்டாவி விடும்போது பாருங்கள். சின்னச் சின்ன வெள்ளைப் பற்கள் வரிசையாகத் தெரியும். முல்லை அரும்பும் அதே அளவு, அதே வெள்ளை, அதே கூர்மை. பாட்டின் தலைவிக்கு அந்தச் சிரிப்பு வேடிக்கையாக இல்லை. கார் காலத்தில் திரும்பி வருவேன் என்று சொன்னவன் வரவில்லை. பூத்த முல்லை அவளைப் பார்த்துப் பல்லை இளிக்கிறது. ஒரே உவமையில் பருவத்தின் அழகும் அவளுடைய வருத்தமும் வந்துவிட்டன.

வரகு, மான், முல்லை, மேய்ச்சல் நிலம். இது முல்லைத் திணையின் நிலம். மாசாத்தியாரின் ஒக்கூர் கொங்கு நாட்டில் இல்லைதான். ஆனாலும் மழைக்குப் பிந்தைய கொறங்காட்டைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பாட்டுக்கு உரை தேவைப்படாது.

இன்னொரு பாட்டு குறுந்தொகை 107. விடியற்காலையில் கூவித் தன்னை எழுப்பிவிட்ட சேவலைத் தலைவி சபிக்கிறாள். நடுராத்திரியில் வீட்டு எலிக்காகக் காத்திருக்கும் பூனைக்குட்டிக்கு நீ இரையாகப் போ என்று! அந்தச் சேவலின் கொண்டைக்கு உவமை தோன்றிப் பூ. தோன்றி என்பதும் நம்ம செங்காந்தள்தான் என்று பலர் கருதுகிறார்கள். இங்கே பூனை வேலியில் இல்லை என்பதைக் கவனியுங்கள். வீட்டுக்குள் எலி பார்க்கிறது. ஆனாலும் அது வளர்ப்புப் பூனை என்று சொல்லிவிட முடியாது. அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை, சோறும் வைக்கவில்லை. வேலிக்கும் வீட்டுக்கும் நடுவே எங்கேயோ இருக்கிறது.

நைட் ஷிப்ட் பார்த்த பருத்திப் பெண்

திருப்பூர்க்காரர்கள் எல்லோரும் படிக்க வேண்டிய சங்கப் பாட்டு ஒன்று உண்டு. புறநானூறு 326. உ.வே.சா. 1894ல் புறநானூற்றை அச்சில் கொண்டு வந்தார். தங்கால் என்ற ஊரைச் சேர்ந்த பொற்கொல்லர் ஒருவர் பாடியது இது. உழைப்பாளி பாடிய பாட்டில் இன்னொரு உழைப்பாளி வருகிறார்.

ராத்திரி. ஊரின் பழைய வேலியில் வெருகு பதுங்கி நடக்கிறது. அதைக் கண்டு இளம் பெட்டைக்கோழி உயிர் நடுங்கிக் கத்துகிறது. அந்த நேரத்தில் ஒரு பெண் எழுந்திருக்கிறாள். பருத்தியில் ஒட்டிய தூசியையும் சக்கையையும் அடித்து நீக்கும் வேலை அவளுக்கு. அதற்காக ஒரு சின்ன விளக்கைக் கொளுத்துகிறாள். அந்த வெளிச்சத்தில் பக்கத்திலேயே சேவல் இருப்பதைப் பார்த்துக் கோழி அடங்குகிறது.

அவ்வளவுதான் காட்சி. பருத்திப் பெண்டு என்று மட்டும் இருக்கிறது, அவளுக்குப் பெயர் கிடையாது. பாட்டு அவளைப் பற்றியதும் இல்லை, ஒரு தலைவனுடைய ஊரைப் பற்றியது. ஆனால் ஊரே தூங்கும்போது அவள் பருத்தி வேலைக்காக எழுந்தாள் என்ற செய்தி நமக்குக் கிடைத்துவிட்டது. கூதிர் காலத்தையும் பூனையையும் பற்றி எழுத உட்கார்ந்தால் பருத்தி வந்து நிற்கிறது. ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு ராத்திரி வீடு திரும்பும் அக்காக்களுக்கு இவள் எத்தனையாவது தலைமுறைப் பாட்டியோ!

இது வெறும் கற்பனை இல்லை என்பதற்கு நம் பக்கத்திலேயே மண்ணுக்குள் சாட்சி இருக்கிறது. சென்னிமலைக்குப் பக்கத்தில், நொய்யல் ஆற்றின் கரையில் கொடுமணல். பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் இதுதான் என்கிறார்கள். 1985லிருந்து பல கட்டங்களாக இங்கே அகழாய்வு நடந்தது. இரும்பு உருக்கிய உலை, கல்மணி செய்த பட்டறை, தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் எல்லாம் கிடைத்தன. கூடவே சுடுமண் தக்களிகளும், அதாவது நூல் நூற்கும் வட்டுகளும் கிடைத்தன. நடுவில் இரும்புக் கம்பி செருகியபடி! ஆக, 2000 வருடத்துக்கு முன்பே நொய்யல் கரையில் யாரோ நூல் நூற்றிருக்கிறார்கள். மழை ராத்திரியில் அவர்கள் கூரைக்கு மேலும் ஒரு வெருகு நடந்திருக்கும்.

பூனை வேலியைத் தாண்டிய கதை

உலக வரலாற்றில் பூனை மனிதனோடு சேர்ந்தது தானியத்தால். மேற்கு ஆசியாவில் விவசாயம் தொடங்கியதும் குதிர்களுக்கு எலி வந்தது, எலிக்குப் பின்னால் பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 வருடத்துக்கு முந்தைய ஒரு புதைகுழியில், மனிதனுக்கு அருகிலேயே ஒரு பூனையையும் புதைத்திருந்ததை 2004ல் அறிவித்தார்கள். நாயை மனிதன் பழக்கினான். பூனை விஷயத்தில் அது தானாக வந்து உட்கார்ந்துகொண்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் அது எப்படி நெருங்கி வந்தது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம். சங்கப் பாட்டில் வேலியில் இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டு மாமல்லபுரத்தில், அருச்சுனன் தபசுச் சிற்பத்தில், பின்னங்கால்களில் நின்று முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது. சுற்றி எலிகள்! போலிச் சாமியாரைக் கிண்டல் செய்யப் பூனையைப் பயன்படுத்தும் அளவுக்கு மக்களுக்கு அதன் குணம் பழகிவிட்டது. கம்பர் தன் அவையடக்கத்தில் பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்க ஆசைப்பட்ட பூசைதான் நான் என்கிறார். பால் குடிக்கும் பூனை என்றால் வீட்டுப் பூனை என்று ஆகிவிடுகிறது. அப்புறம் வைணவ ஆசாரியர்கள் பூனையைத் தத்துவத்துக்குள்ளேயே அழைத்து வந்துவிட்டார்கள். குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ளும், பூனைக்குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போகும். கடவுளிடம் நாம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு 'மர்க்கட நியாயம்', 'மார்ஜார நியாயம்' என்று இரண்டு கட்சி! 20ஆம் நூற்றாண்டில் பாரதியார் பல நிறக் குட்டிகள் போட்ட வெள்ளைப் பூனையை வைத்துச் சாதி வேற்றுமை பேசுவோருக்குப் பதில் சொன்னார்.

வேலி, கோயில் சுவர், காவியம், தத்துவம், கடைசியில் நம் வீட்டு மடி. இன்றைக்கு பனியன் கம்பெனிப் பூனைகளுக்குக் கட்டிங் வேஸ்ட் மூட்டைதான் மெத்தை. மழைக்காலத்தில் குட்டி போட அதைவிடக் கதகதப்பான இடம் ஏது? டியூப் லைட்டைச் சுற்றி ஈசல் மொய்க்கும் ராத்திரியில் பூனை எம்பி எம்பிப் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது ஐப்பசியின் இலவச சினிமா. ஈசலை மனிதர்களும் விடவில்லை. மழையில் புற்றிலிருந்து கிளம்பும் ஈசலைப் புளித்த மோரோடு சேர்த்துச் சமைத்ததைக் கபிலர் புறநானூறு 119ல் பாடியிருக்கிறார். பொரியோடு வறுத்துத் தின்ற கதையை உங்கள் வீட்டுப் பெரியவர்களும் சொல்வார்கள்.

விளக்கு, ஆயுதம், போனஸ்

கூதிர் காலத்தின் பெரிய பொதுச் சந்தோஷம் விளக்கு. தீபாவளி என்ற பெயர் சங்க நூல்களில் கிடையாது. கார்த்திகை விளக்கு உண்டு. அகநானூறு 141ஆம் பாட்டு, மழை ஓய்ந்த வானில் முழு நிலா கார்த்திகை மீனோடு சேரும் ராத்திரியில், பழைய ஊரின் தெருக்களில் விளக்கேற்றி, மாலை கட்டி, ஊரே கூடிக் கொண்டாடுவதைச் சொல்கிறது. 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் மயிலைப் பதிகத்தில் ஐப்பசி ஓணத்தையும் கார்த்திகை விளக்கீட்டையும் குறிப்பிடுகிறார். அகல் விளக்கு, சொக்கப்பனை, பனம்பூவைக் கரியாக்கித் துணியில் முடிந்து சுழற்றும் மாவலி என்று அதன் தொடர்ச்சி நம் காலம் வரை வந்திருக்கிறது. சிவகாசி மத்தாப்பு வருவதற்கு முன்னால் பொறி பறக்கவிட்ட பையன்களுக்கு மாவலிதான் வெடிக்கடை.

நவராத்திரியின் கதை வேறு. விஜயநகரத்தில் அது அரசனின் விழா. 1443ல் வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக்கும், 1520 வாக்கில் வந்த போர்த்துக்கீசியர் பயஸும் மகாநவமியின் யானை, குதிரை, படை அணிவகுப்பைப் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார்கள். அரசன் போனான், படை போனது, ஆயுத பூஜை மட்டும் தங்கிவிட்டது. இன்றைக்கு அந்த நாளில் பொட்டு வைத்துக்கொண்டு நிற்பது ஓவர்லாக் மெஷினும் கத்தரிக்கோலும். வருடம் பூராவும் ஓடும் மெஷின் துடைத்து, சந்தனம் பூசி, மாலை போட்டுச் சும்மா நிற்கிறது. எல்லோருக்கும் பொரியும் கடலையும். ராஜாவின் விழா டைலரின் விழாவாக மாறியதை நான் ஒரு சின்ன சமூகப் புரட்சி என்றே நினைக்கிறேன்.

அடுத்தது தீபாவளி போனஸ். 1965ல் போனஸ் சட்டம் வந்தது. குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம் என்ற கணக்கு அதில் பிற்பாடு நிலைபெற்றது. 8.33 என்பது நூற்றில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாதச் சம்பளம். புதுத்துணி, பட்டாசு, ஊருக்குப் போக பஸ் டிக்கெட், திருமூர்த்தி மலைக்கோ அமராவதி அணைக்கோ குடும்பத்தோடு ஒரு நாள் டூர், எல்லாம் இந்தக் காசில்தான். திருமூர்த்தி மலையில் அருவி, அமராவதியில் 1976ல் தொடங்கிய முதலைப் பண்ணை. ஐப்பசி மழைக்குப் பிறகு இரண்டுமே பார்க்க அழகு. ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்து தைப்பவர்களுக்கும் இதே மாதங்களில்தான் துர்கா பூஜையும் சத் பூஜையும். அவர்கள் ரயில் டிக்கெட்டுக்கு அலைவதும் நம்ம ஊர் ஐப்பசியின் ஒரு பகுதியாகிவிட்டது.

அடுப்பில் தூங்கிய பூனை

இதுவரை படித்தால் ஐப்பசி என்றாலே ஆனந்தம் என்று தோன்றும். அது முழு உண்மை இல்லை.

'அடுப்பில் பூனை தூங்குகிறது' என்று ஒரு சொலவடை உண்டு. அடுப்பு எரிந்தால் பூனை அதில் படுக்க முடியுமா? அந்த வீட்டில் உலை வைக்கவில்லை என்று அர்த்தம். வறுமையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. அடைமழைக் காலத்தில் அப்படி அடுப்பு எரியாத வீடுகளில் நெசவாளி வீடுகள் அதிகம். கைத்தறியில் பாவு தோய்த்து நீட்டி உலர்த்தத் திறந்த தெரு வேண்டும், வெயில் வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் பாவு ஓடாது, தறிக்குழியில் ஈரம் ஊறும். விவசாயி கும்பிட்டு வரவேற்ற அதே மழை நெசவாளியின் கூலியை நிறுத்தியது. ஒரே ஊர், ஒரே மாதம், ஆனால் வேறு வேறு ஐப்பசி.

நெடுநல்வாடை ஊரிலும் கணப்புக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள் உண்டு, மேட்டில் நடுங்கிய இடையர்களும் உண்டு. மாசாத்தியாரின் தலைவிக்கு முல்லை பூத்தது வலித்தது. புறநானூற்றுப் பருத்திப் பெண் தூங்கக்கூட இல்லை. பருவத்தின் அழகு எல்லோருக்கும் பொது. அதை அனுபவிக்கும் ஓய்வு மட்டும் பொதுவாக இருந்ததில்லை. மில்லும் பனியன் கம்பெனியும் வந்தபின் மழைக்கு வேலை நிற்காது என்ற நிலை வந்தது. நல்லதுதான். ஆனால் மழையை வேடிக்கை பார்க்கும் நேரமும் போய்விட்டது. அதனால்தான் ஆயுத பூஜை லீவும் தீபாவளி போனஸும் வெறும் சலுகை இல்லை என்கிறேன். ஒரு பருவத்தில் பங்கு கேட்டு வாங்கியது அது.

ஆறு

இழந்த ஒன்றையும் சொல்லாமல் முடிக்கக்கூடாது. புதுத் தண்ணீர் வரும்போது ஆற்றைப் பார்க்கப் போவது தமிழர்களின் பழைய சந்தோஷம். பரிபாடலில் வையைப் புனலைப் பார்க்க மதுரையே கிளம்புகிறது. வடகிழக்குப் பருவமழையில் நொய்யலுக்கும் வெள்ளம் வரும். ஆனால் சாயப்பட்டறைகள் பெருகிய பிறகு நொய்யலில் நிறமும் நுரையும் வந்தன. 1992ல் விவசாயத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாக மாறியது. பாசனத்துக்குக் காத்திருந்த விவசாயிகளே அணையில் தண்ணீர் தேக்கக்கூடாது என்று கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 700க்கும் மேற்பட்ட சாய ஆலைகள் மூடப்பட்டன. அப்புறம் கழிவை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்கு மாறித்தான் திறக்க முடிந்தது. இதில் வேலை போன தொழிலாளியும் உண்டு, நிலம் போன விவசாயியும் உண்டு. யார் பக்கம் நியாயம் என்று ஒரு வரியில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் தக்களி சுற்றிய கொடுமணலும் இந்த அணையும் ஒரே ஆற்றங்கரையில், அக்கம்பக்கத்தில் இருக்கின்றன. பருத்தியால் வாழ்ந்த கரை, பருத்திக்குப் பூசிய சாயத்தால் நொந்தது.

கொறங்காடுகளும் குறைந்து வருகின்றன. நிலம் சைட்டாகிறது, கிளுவை வேலி இருந்த இடத்தில் கம்பி வேலி வருகிறது. கம்பி வேலியில் முல்லை படராது, பூனை உட்காராது.

மழை இன்னமும் வருகிறது. 'கார்த்திகைக்குப் பின் மழையுமில்லை, கர்ணனுக்குப் பின் கொடையுமில்லை' என்பார்கள். ஆகவே அடுத்த ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தால் எங்கேயும் தூரமாகப் போக வேண்டாம். காங்கேயம் ரோட்டில் ஏதாவது ஒரு கொறங்காட்டு வேலியோரம் நின்று, கார்த்திகைப் பூ பூத்திருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு டிக்கெட் கிடையாது. வீட்டுப் பூனை கொட்டாவி விட்டால் பல்லையும் எண்ணிப் பாருங்கள். மாசாத்தியார் சொன்னது சரியா தப்பா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.